பன்னிரண்டாம் தேதி, ஏழேகால் மணி

அந்த அளவு நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. அட்டவணையில் எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக்கூடாது. எண் கிடைத்தால் எண். கிடைக்காவிட்டால், ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு ஓர் எழுத்து. வானத்தில் கீழ் அடுக்கு மேல் அடுக்கை மறைத்துவிட்டதா, 'ஏ' போடு. அனுப்பிய அலையின் எதிரொலி கலங்கிப் பரவிவிட்டதா, 'எஃப்' போடு. கருவியே படுத்துவிட்டதா, 'சி' போடு. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, ஏன் தெரியாது என்பதையும் எழுதிவைக்கிற தொழில் உலகத்தில் எத்தனை இருக்கிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கொம்பக்கா இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டங்களை நிரப்பி வருகிறாள். பெயர்க் காரணம் பெரிய ரகசியமில்லை. முற்றத்தில் நிற்கும் உயரமான கம்பம் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வானத்தை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்பும். ஒரு மெகாஹெர்ட்ஸில் தொடங்கி இருபது வரை ஏறிக்கொண்டே போகும். மேலே அயனி மண்டலத்தில் எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருந்தால் அலை முட்டிக்கொண்டு திரும்பும். அலைவரிசை ஏற ஏற, ஓர் அளவுக்கு மேல் எலக்ட்ரான்களால் தடுக்க முடியாது. அலை துளைத்துக்கொண்டு வெளியே ஓடிவிடும். அந்த இடத்தில் படத்திலுள்ள கோடு இரண்டாகப் பிரிந்து மாட்டுக்கொம்பு போல மேலே எழும்பும். இடது கொம்பு எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துச் சொன்னால் போதும், ஒரு கன மீட்டரில் எத்தனை எலக்ட்ரான் என்பது கணக்கில் வந்துவிடும். அந்தக் கொம்பைப் பார்ப்பதுதான் அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ வைத்த பெயர், சொந்தப் பெயரை விழுங்கிவிட்டது. சம்பளப் பட்டியலில் மட்டும் இன்னும் பழைய பெயர் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது நாத்தனார் வாசல் வரை வந்தாள். நாத்தனார் துறைமுக ரேடியோ அறையில் ஆபரேட்டர். கணவனுடைய தங்கை என்றாலும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொம்பக்காவுக்குச் சண்டை போடவும் சமாதானமாகவும் வீட்டில் அவள்தான் துணை.

"அண்ணி, மறந்துடாதீங்க. பன்னெண்டாம் தேதி, ஏழேகால். அந்த நம்பர ஒரு தாள்ல எழுதி, முத்திரை போட்டு எடுத்துட்டு வந்துடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் பதில் குடுக்கணும்."

"எத்தன தடவடி சொல்லுவ? எனக்கென்ன காது கேக்காதா?"

"எனக்குத்தான் காது கேக்காதுன்னு மெமோ குடுத்திருக்காங்களே" என்றாள் நாத்தனார். சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். போன மாசம் பன்னிரண்டாம் தேதி மாலை, கரையிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டரில் ஒரு மீன்பிடிப் படகில், வலை இழுக்கும் சக்கரத்தில் ஒருவன் கை சிக்கிக்கொண்டது. ஏழேகால் மணியிலிருந்து படகுக்காரர்கள் எட்டு மெகாஹெர்ட்ஸில் கத்திக் கத்திக் கூப்பிட்டார்கள். நாத்தனாரும் அதே எட்டில்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த நேரத்துக்கு எந்த அலைவரிசை என்று தலைமை அலுவலகம் அட்டவணை அனுப்பும். படகும் கரையும் அதன்படி நடக்க வேண்டும். ஒருவர் எட்டிலும் ஒருவர் ஆறிலும் இருந்தால் யார் குரல் யாருக்குக் கேட்கும்? அன்றைக்கு எட்டில் ஈ எறும்பு சத்தம்கூட வரவில்லை. ஒன்பதரைக்கு வேறொரு படகு வழியாகச் செய்தி வந்து சேர்ந்தபோது, அந்த ஆளுக்கு இரண்டு விரல் போயிருந்தது.

விசாரணை நடந்தது. அட்டவணைப்படி அந்த நேரத்தில் எட்டு நன்றாகக் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் ஆபரேட்டர் இருக்கையில் இல்லை, அல்லது தூங்கிவிட்டாள். இரண்டில் எது என்று எழுதிக் கொடு என்று மெமோ. பதினாறு வருஷம் ஒரு நாள்கூட நாற்காலியை விட்டு நகராதவளுக்கு இந்தப் பட்டம்! வேலை போனால்கூடத் தாங்குவாள். தூங்கியதால் ஒருவன் விரல் போனது என்ற பேச்சை அவள் எப்படித் தாங்குவாள்?

ஆனால் கொம்பக்காவின் தாளில் அன்றைக்கு ஏழேகாலுக்கு ஆறு புள்ளி ஒன்பது என்று இருக்கிறது. ஆறு புள்ளி ஒன்பது மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் திரும்பி வராது. அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் படகு எட்டில் கூப்பிட்டால் அந்தக் குரல் கடலைத் தாண்டி, காற்றைத் தாண்டி, விண்வெளிக்குப் போய்விடும். நாத்தனார் தூங்கவில்லை என்பதற்கு அந்த ஓர் எண்தான் சாட்சி.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மேசைமேல் உறை இருந்தது. போன மாசத்து அட்டவணை தலைமை அலுவலகத்திலிருந்து சுத்தப் பிரதியாகத் திரும்பி வந்திருக்கிறது. அடியில் 'அளவர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அது பதிவேட்டில் ஏறிவிடும். கொம்பக்கா நேராகப் பன்னிரண்டாம் தேதிக்குப் போனாள்.

சி.

ஏழேகால் கட்டத்தில் ஆறு புள்ளி ஒன்பது இல்லை. 'சி' இருக்கிறது. கருவிக் கோளாறு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அது மட்டுமில்லை. சூரியன் மறைந்ததும் எலக்ட்ரான் அடர்த்தி சரசரவென்று விழுந்த மாலைகள் மொத்தம் பதினொன்று. பதினொன்றிலும் 'சி'. அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"ஏணி! இங்க வா!"

ஏணி என்பவன் கம்பத்தையும் கருவியையும் பராமரிக்கும் மெக்கானிக். ஆள் குள்ளம், ஏறுவதில் சூரன். தாளைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்துவிட்டது.

"என்னக்கா இது? என் மெஷின் கெட்டுப்போச்சா? பதினோரு தடவையா? நட்டு ஒண்ணு தளர்ந்தாக்கூட நான் புத்தகத்துல எழுதுறவன். போன மாசம் ஒரு நிமிஷம்கூட நிக்கலக்கா!"

"அதத்தான் கேக்கப் போறேன்" என்று போனை எடுத்தாள்.

தலைமை அலுவலகத்தில் மாடல்காரர் எடுத்தார். எந்த நேரத்தில், எந்த உயரத்தில் எத்தனை எலக்ட்ரான் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லும் மாடலைக் கட்டியவர் அவர். மூன்று மாசமாகப் படகுகளுக்குப் போகும் அட்டவணையும் அந்த மாடல் போட்டதுதான். வியாழக்கிழமை கூட்டத்தில் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்றால், பிறகு அளவு நிலையம் எதற்கு, மூடிவிடலாம் என்று பேச்சு.

"பதினோரு கட்டத்துல 'சி' போட்டிருக்கு. யாரு போட்டது சார்?"

"யாரும் போடலம்மா, சாஃப்ட்வேர் போட்டது. மாடல் சொல்ற நம்பர்லேர்ந்து முப்பது சதவீதத்துக்கு மேல விலகுச்சுன்னா, கருவிக் கோளாறுன்னு தானா குறிச்சுக்கும்."

"படத்தத் திறந்து பாத்தீங்களா?"

"மாசத்துக்கு மூவாயிரம் படம். எத்தனையத் திறக்குறது?"

"சரி. மீதி நம்பர வெச்சுத்தான் மாடல் தொண்ணூத்தாறு சதவீதம் சரின்னு எழுதியிருக்கீங்களா?"

"முறைப்படி அப்படித்தான் செய்வோம்" என்றார்.

"நல்ல முறை சார்! பரீட்ச எழுதுறவனே தனக்கு விடை தெரியாத கேள்வியெல்லாம் அச்சுப்பிழைன்னு அடிச்சிட்டு, மிச்சத்துக்கு மார்க் போட்டுக்கிற மாதிரி இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதைதான். ஆனால் அவள் அதைச் சொல்வதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

நாலரை மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது மாடல்காரர் மட்டுமில்லை, இயக்குநரும் வந்திருந்தார். மாடல்காரருக்கு நாற்பது வயதுகூட இருக்காது, சட்டைப்பையில் இரண்டு பேனா, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. இயக்குநர் எப்போதும் போல யாரையும் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்து நடந்து வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு என்னம்மா, பேருக்கேத்த மாதிரி ரெண்டு கொம்பா மொளச்சிருக்கு? ஒரு கையெழுத்து. அதுக்கு நான் ரெண்டு மணி நேரம் கார்ல வரணுமா?"

"நான் வரச் சொல்லலயே சார்."

ஏணி பக்கத்து அறையில் இருமினான். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "துறைமுகத்துல மெமோ வாங்கினது யாருன்னு எனக்குத் தெரியும். உங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. ஏழேகால் நம்பர் ஆறு புள்ளி ஒம்போதா இருந்தா அந்தம்மாவுக்கு நல்லது. இல்லையா?"

கொம்பக்காவுக்கு ஒரு நொடி கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷம். லட்சக்கணக்கான கட்டங்கள். அவற்றில் ஒன்றையாவது சொந்தக்காரிக்காக மாற்றினாள் என்று ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அழுகை வந்தது உண்மை. அதை அவள் விழுங்கியதும் உண்மை.

"அந்த நம்பர நான் எழுதினது அன்னைக்கு ஏழு இருபதுக்கு. படகுல கை மாட்டின சேதி கரைக்கு வந்தது ஒம்போதரைக்கு. எனக்கென்ன ஜோசியம் தெரியுமா சார்?"

"தேதி எல்லாம் யாரு வேணும்னாலும் எழுதலாம்" என்றார் இயக்குநர்.

மாடல்காரர் சங்கடத்தோடு குறுக்கே வந்தார். "சண்ட எதுக்கு? இன்னைக்கு ஏழேகாலுக்கு மாடல் பதினொண்ணு புள்ளி ரெண்டுன்னு சொல்லுது. நாம எல்லாருமே உக்காந்து பாப்போம். உங்க மெஷின் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சிடும்."

"பிரமாதம்" என்றார் இயக்குநர். "மாடல் சொன்னது வந்தா கையெழுத்துப் போட்டுடணும்."

"பாக்கறதுக்கு வாங்க, தாராளமா பாருங்க" என்றாள் கொம்பக்கா. "பந்தயத்துக்கு நான் ஆளில்ல. வானம் என்ன குதிரையா? சில நாள் சாயங்காலம் அடர்த்தி விழும், சில நாள் விழாது. விழுந்தா விழுந்துச்சுன்னு எழுதுவேன். இல்லன்னா இல்லன்னு எழுதுவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் அவளும் மனுஷிதானே. விழட்டுமே என்று ஆசைப்பட்டாள். இன்று ஒரு நாள், இவர்கள் கண் முன்னால், தொப்பென்று விழட்டும். ஆறு மணிக்கு எடுத்த படத்தைப் பார்த்தாள். ஆறே காலுக்கு ஒன்று, ஆறரைக்கு ஒன்று. விளக்கைப் போட்டார்கள். ஏணி எல்லோருக்கும் டீ போட்டு வந்தான்; இயக்குநருக்கு மட்டும் சர்க்கரை போட மறந்துவிட்டான், அல்லது மறந்ததாகச் சொன்னான்.

ஏழேகால். முற்றத்தில் கம்பம் தன் வேலையைத் தொடங்கியது. திரையில் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து ஏறியது. ஐந்து. ஆறு. கொம்பக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஏழு. கோடு படுத்தபடியே போயிற்று. எட்டு. ஒன்பது. பத்தைத் தாண்டித்தான் தலை தூக்கியது. இரண்டு கொம்பும் செதுக்கி வைத்தாற்போல அவ்வளவு சுத்தமாக எழும்பின. படத்தைத் தாளில் அச்செடுத்து, கண்ணாடி ஸ்கேலை வைத்தாள்.

"பதினொண்ணு புள்ளி ஒண்ணு" என்று உரக்கச் சொன்னாள். பேனாவை எடுத்துக் கட்டத்தில் எழுதினாள்.

ஏணி தலையில் கை வைத்துக்கொண்டான். இயக்குநர் டீக் கோப்பையை நகர்த்திவிட்டு, கையொப்பத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "அப்புறமென்ன? போடுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? மாடல் சரின்னு நீங்களே உங்க கையால எழுதியாச்சே!"

"இன்னைக்குச் சரி. அதனாலதான் எழுதினேன். இன்னைக்கு மழை பெய்யலன்னா, பன்னெண்டாம் தேதி பேஞ்ச மழை பேயலன்னு ஆயிடுமா?" அவள் எழுந்து நின்றாள். குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும் என்று விட்டாள். "சார், எனக்குப் பிடிக்காத நம்பர் இது. என் நாத்தனாரக் கவுக்கற நம்பர். எனக்கு வேண்டியத எழுதுற ஆளா இருந்தா, இதோ, இந்த ஒரு கட்டத்துல ஒரு 'சி' போட்டிருப்பேனே? மெஷின் சரியில்லன்னு சொல்லியிருப்பேனே? பிடிக்காத நம்பர் வந்தா மெஷின் மேல பழியப் போடுறது யாரு, நானா நீங்களா?"

"மாற்றல் உத்தரவு போட எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது" என்றார் இயக்குநர்.

"மாத்துங்க. போற எடத்துலயும் மேல வானம்தான் இருக்கும்."

தாளை இழுத்துக்கொண்டாள். சிவப்பு மையில் பதினொரு 'சி'யையும் அடித்தாள். ஒவ்வொன்றின் தலைமேலும் தான் படித்த எண்ணை எழுதினாள். கையொப்பக் கட்டம் மட்டும் மிஞ்சியது. வெறும் கட்டம் விடக்கூடாது, அதுதானே வழக்கம்? அதில் பொடி எழுத்தில் எழுதினாள்: 'கையொப்பம் இல்லை. காரணம்: கருவியில் கோளாறு இல்லை.'

இயக்குநர் அதைப் படித்தார். எழுந்து காருக்குப் போய்விட்டார்.

மாடல்காரர் போகவில்லை. பதினொன்று புள்ளி ஒன்று என்ற எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். மாடல் ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

"இன்னைக்கு ஏழுன்னு வந்திருந்தா..." என்று தொடங்கினார்.

"நாளைக்குக் காலைல அது 'சி' ஆயிருக்கும். நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க."

"பன்னெண்டாம் தேதி படம் இருக்கா?"

கொம்பக்கா அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். ஸ்கேலையும் அவர் கையில் கொடுத்தாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே படிங்க."

அவர் வாழ்க்கையில் அதுவரை லட்சக்கணக்கான எண்களைப் பார்த்திருக்கிறார். ஒரு படத்தைக் கையால் படித்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கொம்புகள் வெளிப்பக்கம் கொஞ்சம் கலங்கியிருந்தன. உள் விளிம்பு தெளிவாக இருந்தது. ஸ்கேலைத் தவறான கொம்பில் வைத்தார். அவராகவே கண்டுபிடித்து இடது கொம்புக்கு மாற்றினார். வியர்த்தது. கார் இரண்டு தடவை ஹார்ன் அடித்தது.

"கோளாறு எதுவும் இல்ல. நல்லாவே படிக்க முடியுது" என்றார் மெல்ல. "ஆறு புள்ளி எட்டு."

"நான் ஆறு புள்ளி ஒம்போதுன்னு எழுதியிருக்கேன். உங்க மாடலுக்குக் கொஞ்சம் தாராளமாவே குடுத்திருக்கேன் சார்."

மாடல்காரர் சிரிக்கவில்லை. படத்தின் ஓரத்தில் தான் படித்த எண்ணையும் தேதியையும் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு அதை அவள் கையிலேயே கொடுத்தார். "துறைமுகத்துக்குக் குடுத்துடுங்க" என்றார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவர் முப்பது சதவீத வடிகட்டியை எடுத்துவிட்டு மாடலை ஓட்டிக் காட்டினாராம். மொத்தத்தில் தொண்ணூற்றைந்தரை சதவீதம். சூரியன் மறையும் நேரத்தில் மட்டும் அறுபத்திமூன்று. கூட்டத்தில் சிலர் முகம் தொங்கிப்போயிற்று. நிலையத்தை மூடுவது தள்ளிவைக்கப்பட்டது. மாலை அட்டவணையை அன்றன்றைய அளவைப் பார்த்துத் திருத்தி அனுப்ப வேண்டும் என்று எழுதினார்கள். நாத்தனாரின் மெமோவுக்கு 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று இரண்டே வார்த்தையில் பதில் வந்தது. மன்னிப்பு என்று மூன்றாவது வார்த்தை ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

அடுத்த திங்கள்கிழமை கொம்பக்காவின் மாற்றல் உத்தரவும் வந்தது. இயக்குநர் சொன்ன சொல் தவறாதவர். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு நிலையம். உத்தரவைக் கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்று, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்றார். தங்கைக்காக மாற்றலாகிப் போகிற பெண்டாட்டியைப் பார்த்துக் கணவர் என்ன சொல்வார்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நாத்தனார்தான் தாளைப் பிடுங்கினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"போடாதீங்க அண்ணி! அன்னைக்கு அந்தத் தாள்ல போட மாட்டேன்னு அவ்வளவு பெரிய ஆளையே எதுத்து நின்னீங்கல்ல? இதுல மட்டும் ஏன் போடணும்?"

கொம்பக்கா தாளை வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள், கொம்பைப் படிப்பது போலத்தான். பிறகு பேனாவைத் திறந்து, கட்டம் நிறையப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

"உன்ன மாத்துறேன்னு போட்டிருக்கான். மாத்துறான். இதுல ஒண்ணும் பொய் இல்லையேடி" என்றாள்.